அடுத்த வீட்டு மரத்துப் புழு

பியற்றிஸ் ஒரு இடத்தில் இருந்ததை லண்டன் எட்மண்டனில் அந்தத் தெருவில் எவரும் கண்டதில்லை. தமிழ்ப் பூசை நடக்கும் ஞாயிறுகளில்கூட வாசல் கதவோடுதான் நிற்பார். பிரசங்கம் நீண்டால் வெளியே போய், கார்கள் நிறுத்தும் இடத்தை ஒருமுறை சுற்றிவிட்டு வருவார். பாதிரியாருக்கும் அது பழகிவிட்டது.

மன்னாரில் வங்காலையில் பிறந்தவர். எண்பத்தாறில் கணவர் பஸ்தியாம்பிள்ளையோடும் எட்டு வயது மகளோடும் லண்டனுக்கு வந்து, ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். சூடான கட்டில் விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து எடுத்து, உதறி, மடித்து, வண்டியில் அடுக்குகிற வேலை. அதை அவர் விரும்பித்தான் செய்தார். இரண்டாயிரத்து இரண்டில் சலவை வேலை முழுவதையும் வெளியே கொடுத்துவிட்டு அந்தப் பகுதியை மூடினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் பியற்றிஸ் வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அவருக்கு இடமில்லை. பஸ்தியாம்பிள்ளை பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். சுவர்கள் மட்டை போல மெல்லியவை. பகலில் தூசி உறிஞ்சும் ஹூவர் பிடிக்க ஏலாது, கிறைண்டர் போட ஏலாது, போனில் குரலை உயர்த்த ஏலாது. மகள் பிறேமினி கலியாணம் முடித்துக் குறொய்டனில் இருந்தாள். காலை பத்து மணிக்குள் சமையலை முடித்துவிட்டு, மேல் மாடியில் குறட்டை கேட்கக் கேட்க, பியற்றிஸ் ஈரத் துணியோடு ஒவ்வொரு யன்னலாகப் போய்க்கொண்டிருப்பார். துடைத்த யன்னலையே மறுபடி துடைப்பார். கடைசியில் பின்கதவைத் திறந்துகொண்டு வளவுக்குள் இறங்கிவிடுவார்.

வளவு சின்னது. ஒரு மர ஷெட், துணி காயப்போடும் கம்பி, ஒரு ஆப்பிள் மரம். முன்பு அந்த வீட்டிலிருந்த வெள்ளைக்கார அம்மா வைத்த கொக்ஸ் இனத்து மரம் அது. வீட்டை வாங்கி ஆறு வருடமாக அந்தக் காய்கள் தம்பாட்டில் காய்த்து, தம்பாட்டில் விழுந்தன. கூட்டி அள்ளுவதோடு சரி. இப்போது செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் பியற்றிஸ் அதைக் கவனிக்கத் தொடங்கினார். தண்ணீர் விட்டார், அடியில் புல்லைச் செதுக்கினார். இரண்டாயிரத்து மூன்றில் லண்டன் கண்டிராத வெயில் அடித்தது; காய்கள் கன்னம் சிவந்து தொங்கின. நல்லவையாகத் தெரிந்தவற்றைப் பழைய மரப்பெட்டிகளில் பத்திரிகைத்தாள் விரித்து அடுக்கி ஷெட்டில் வைத்தார். ஒரு கூடையை நிரப்பி, பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணி மேசைக்குக் கொண்டுபோனார்.

பங்குக் கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிற சுலோச்சனா முதல் ஆளாக ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். விதைக்குப் பக்கத்தில் கபில நிறப் பொடிக்குள் ஒரு வெளிர்சிவப்புப் புழு நெளிந்துகொண்டிருந்தது. பாதிதான் இருந்தது.

சுலோச்சனா கழிவறைக்கு ஓடினார். மண்டபம் சிரித்தது.

"பியற்றிஸ் அக்கா இறைச்சியும் சேர்த்தெல்லே தந்திட்டா!" என்று யாரோ சொன்னார்கள்.

எல்லோரும் அன்றைக்கே மறந்துபோன பகிடி அது. பியற்றிஸ் மட்டும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கூடையில் மிச்சமிருந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பிளந்தார். பாதிக்கு மேல் புழு. சிலதில் புழு இல்லை, அது துளைத்து வெளியேறிய வழி மட்டும் இருந்தது. பழத்தின் வெளித்தோலில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் உள்ளே எப்படிப் போனது? அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பிறேமினிக்குப் போன் எடுத்து, கொம்பியூட்டரில் பார்க்கச் சொன்னார்.

"அம்மா, இது கோட்லிங் மொத் எண்டு ஒரு அந்துப்பூச்சி," என்று பிறேமினி வாசித்துச் சொன்னாள். "வைகாசி, ஆனியில பறந்து வந்து முட்டை இடுமாம். பொரிச்ச உடனயே புழு காய்க்குள்ள போயிடும். பிறகு மருந்து அடிச்சும் பிரயோசனம் இல்லை. வளர்ந்தாப் பிறகு வெளியில வந்து, மரப்பட்டைக்குள்ள கூடு கட்டிக் குளிர் முழுக்கக் கிடக்குமாம்."

"எங்கயிருந்து பிள்ளை வருது?"

"கவனிக்காமல் விட்ட மரங்களில இருந்து வரும் எண்டு போட்டிருக்கு. இன்னும் கிடக்கு, வாசிக்கட்டே?"

பியற்றிஸ் சமையலறை யன்னலால் வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர்களுடைய மரத்தைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொரு ஆப்பிள் மரம் நின்றது. பட்டை வெடித்து, கொப்புகள் ஒன்றோடொன்று பின்னி, அடியில் அழுகிய காய்கள் பரவிக் கிடந்தன.

"காணும் பிள்ளை," என்று போனை வைத்தார்.

அந்த வீடு மணியம், பவளக்கொடி தம்பதியுடையது. மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவர்கள். மணியம் எழுபதுகளில் கணக்கியல் படிக்க வந்து, லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை எடுத்துத் தங்கிவிட்டவர். காலையில் டையோடு ரயிலுக்குப் போவார்; மாலையில் அதே டையோடு திரும்புவார். பவளக்கொடி வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். வேலியில் கண்டால் இரண்டு பக்கமும் சிரிப்பார்கள், குளிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார்கள். ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போனதில்லை.

அடுத்த சனிக்கிழமையே பியற்றிஸ் வேலியருகே மணியத்தைப் பிடித்தார்.

"உங்கட மரத்துக்கு ஏதாவது செய்யக் கூடாதோ? புழு முழுக்க அங்கயிருந்துதான் இஞ்சால வருது."

மணியம் தன் மரத்தை ஏதோ இப்போதுதான் காண்பவர்போல அண்ணாந்து பார்த்தார். "அது பாட்டுக்கு நிக்குதுங்க. பூக்குறப்ப பார்க்க நல்லா இருக்கும். பறவைங்க வரும். மருந்தெல்லாம் அடிக்கிறதில்ல."

"மருந்து அடிக்கச் சொல்லேல்ல. விழுந்த காயையாவது அள்ளலாம்தானே?"

"அள்ளலாம், அள்ளலாம்," என்றார் மணியம் அன்பாக. அள்ளவில்லை.

அடுத்த வசந்தத்தில் பியற்றிஸ் ஆயத்தமாக இருந்தார். தோட்டக் கடையில் பொறி ஒன்று வாங்கினார். கூரைபோல மடிந்த பச்சைப் பிளாஸ்டிக், உள்ளே பசை தடவிய தாள், அதன் நடுவில் ஒரு சின்ன ரப்பர் குமிழ். பெண் அந்தின் மணம் அந்தக் குமிழில் ஏற்றப்பட்டிருக்கும். ஆண் அந்துகள் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார். அதை மரத்தில் கட்டிவிட்டு அன்றைக்கே பல தடவை போய் எட்டிப் பார்த்தார். முதல் வாரத்தில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை, பசையில் ஒரு அந்து. விரல் நகமளவு சாம்பல் நிறச் சிறகு, நுனியில் மட்டும் செம்புக் காசு போல ஒரு மினுக்கம். பிறகு ஒவ்வொரு நாளும். பசைத்தாள் நிரம்பி, இன்னொரு தாள் மாற்றவேண்டி வந்தது. ஒவ்வொரு அந்தையும் பார்க்கும்போது பியற்றிஸின் பார்வை வேலிக்கு மேலால் போய் வந்தது.

பொறி மட்டும் போதாது என்று காய்களுக்கு உறை போட முடிவெடுத்தார். காய் நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே நைலோன் காலுறையை வெட்டி மாட்டி, காம்போடு கட்டிவிட்டால் அந்து முட்டை இட முடியாது; காற்றும் வெளிச்சமும் போகும். காலுறைக்கு எங்கே போவது? பூசைக்குப் பிறகு, வேலைக்குப் போகிற பெண்களிடம் கேட்டார்.

"கிழிஞ்சதாப் பரவாயில்லை. கழுவித் தந்தாக் காணும்."

"எதுக்கக்கா?"

"மரத்துக்கு."

பைபையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனி முடிவில் பியற்றிஸின் மரத்தில் கறுப்பு, தவிட்டு, தோல் நிறக் காலுறைத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் தொங்கின. வெயிலில் அது மரம் நிறையக் குட்டிக் குட்டிப் பாதங்கள் தொங்குவதுபோலத் தெரிந்தது. பவளக்கொடி மேல் யன்னலிலிருந்து பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார். பியற்றிஸ் அதைக் கண்டார். ஏணியிலிருந்து இறங்கவில்லை.

எட்டிய கொப்புகளுக்குத்தான் உறை. எட்டாத உயரத்தில் காய்கள் வழக்கம்போல் புழுவோடு விழுந்தன. விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் பியற்றிஸ் வெளியே ஓடினார். அவருக்கு நித்திரை குறைந்தது. பஸ்தியாம்பிள்ளை வேலைக்குக் கிளம்பும் நேரத்திலும் புழுக்கதைதான் கேட்டார்.

"நீர் இதை இவ்வளவு மனசுக்கு எடுக்காதையும்," என்றார் அவர். "கடையில நல்ல ஆப்பிள் விக்குது."

"கடையில விக்கிறது எனக்குத் தெரியும்," என்றார் பியற்றிஸ்.

ஆவணியில் மணியமும் பவளக்கொடியும் வழக்கம்போல் ஒரு மாதத்துக்குக் கிள்ளானுக்குக் கிளம்பினார்கள். குப்பைத்தொட்டியை வெள்ளிக்கிழமைகளில் தெருவில் வைக்க ஆள் வேண்டும். பவளக்கொடி வந்து, பக்கக் கேற்றின் சாவியை பியற்றிஸ் கையில் கொடுத்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும், அக்கா."

"அதில என்ன, நான் பாக்கிறன்."

முதல் வெள்ளி தொட்டியை எடுக்கப் போனபோது, விழுந்து கிடந்த காய்களைப் பார்த்தார். ஒரு விளக்குமாறு கொண்டுபோய்க் கூட்டி அள்ளினார். அதில் ஒரு பிழையும் இல்லை, உதவிதான். மறுநாள் மறுபடி விழுந்திருக்குமே என்று போனார். தாழ்ந்த கொப்புகளில் புழு விழுந்த காய்கள் கண்ணுக்கு நேரே தொங்கின. அவற்றைப் பறித்தார். எது புழு விழுந்தது, எது விழாதது என்று வெளியே தெரியாத காய்களும் இருந்தன. அவற்றையும் பறித்தார். அதற்கடுத்த நாள் ஏணியைக் கொண்டுபோனார். அது பெரிய பச்சைக் காய், சமையலுக்குப் போடுகிற புளிப்பு ஆப்பிள். யார்தான் இதைத் தின்னப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கறுத்தப் பைகள் நிரம்பின. மரம் வெறுமையானபின் வெடித்த பட்டைகள் கண்ணில் பட்டன. கம்பித் தூரிகையால் அடிமரம் முழுவதையும் சுரண்டினார். ஒரு தாழ்ந்த கொப்பில் பட்டை கறுத்திருந்தது. மரம் அரியும் வாளால் அறுத்தார்.

அறுத்த கொப்பு விழுந்தபோதுதான் ஒரு கணம் கை நின்றது. இரண்டு வாரத்தில் முதல்முறையாக அவர் அந்த மரத்தைத் தள்ளி நின்று பார்த்தார். வேலியின் அந்தப் பக்கம் நின்று பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. ஆனாலும் கொப்பைத் துண்டு துண்டாக்கி, தோட்டக் கழிவுக்குக் கவுன்சில் தந்த பச்சைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, கேற்றைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

பவளக்கொடி ஊரிலிருந்து வந்த காலை, பியற்றிஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் பின்கதவு திறந்தது. பியற்றிஸ் உதறிய துணியையே மறுபடி உதறினார்.

"அக்கா," என்று குரல் வந்தது. "எங்க மரத்துக்கு என்ன ஆச்சு?"

"நான்தான் துப்புரவாக்கினனான்," என்றார் பியற்றிஸ். மனதில் ஒத்திகை பார்த்திருந்த சொற்கள் அதற்குமேல் வரவில்லை. "புழு... சரியான புழு."

"காயெல்லாம் எங்கே?"

"குப்பையில போட்டிட்டன்."

"எல்லாமா?"

பியற்றிஸ் ஓம் என்று தலையை ஆட்டினார்.

பவளக்கொடி மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டி முடிகிற சாப்பாட்டுக்கு, ஆர்ச்வேயில் முருகன் கோயிலுக்கு அவர் அச்சார் ஊறுகாய் போட்டுக் கொடுப்பார். கிள்ளானில் மாங்காயில் போடுவது. இங்கே இந்தப் புளிப்பு ஆப்பிளில் போடப் பழகியிருந்தார். புழு இருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுப்பார். இருபது வருடமாக அப்படித்தான்.

"எனக்குத் தெரியாது," என்றார் பியற்றிஸ்.

"நீங்க கேக்கலையே."

பவளக்கொடி கையை நீட்டினார். பியற்றிஸுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு உள்ளே போய், சாவியைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் கொடுத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மணியம் மட்டும் தெருவில் கண்டால் தலையை ஆட்டுவார். பியற்றிஸ் தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார். செய்த முறை பிழைதான், ஆனால் காரணம் சரி. புழு அங்கிருந்துதான் வந்தது. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டார். அது ஒன்றுதான் அவருக்குப் பிடிமானமாக இருந்தது.

வைகாசியில் ஒரு வெப்பமான காலை, ஏணி எடுப்பதற்காக ஷெட்டைத் திறந்தார். உள்ளே ஒரேயொரு சின்ன யன்னல். அதன் கண்ணாடியில் ஏதோ படபடத்தது. கிட்டப் போனார். சாம்பல் சிறகுகள், நுனியில் செம்பு மினுக்கம். ஒன்றிரண்டு அல்ல, கண்ணாடி முழுவதும். சில ஏற்கெனவே கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியால் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. வெளியே அவருடைய மரம் பூவுதிர்த்து நின்றது.

பியற்றிஸ் மரப்பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு வருடமும் நல்ல பழம் என்று தெரிந்தெடுத்து அடுக்கிய பெட்டிகள். மூலைகளிலும் பலகைகள் பொருந்தும் வெடிப்புகளிலும், ஒட்டடை போலப் பின்னிய சின்னச் சின்னக் கூடுகள். அடுக்கி வைத்திருந்த மூங்கில் தடிகளின் துளைகளுக்குள்ளும் அதுவே. பழத்துக்குள் இருந்த புழு அங்கேயே வெளியே வந்து, அங்கேயே கூடு கட்டி, மழையும் பனியும் படாமல் சுகமாகக் கிடந்து, இப்போது பறந்துகொண்டிருந்தது.

துணியால் யன்னலை அடித்தார். பெட்டிகளை வெளியே இழுத்துப்போட்டு உடைத்தார். மத்தியானமே பழைய இரும்பு வாளியில் போட்டுக் கொளுத்தினார். பிறகு பிறேமினிக்குப் போன் எடுத்தார்.

"ஷெட்டில பெட்டியிலயும் கிடக்கும் எண்டு போட்டிருந்தது அம்மா," என்றாள் பிறேமினி. "அண்டைக்கு மிச்சத்தை வாசிக்க நீங்கள்தானே விடேல்ல."

பஸ்தியாம்பிள்ளையிடம் சொன்னபோது அவர் வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். "இப்ப ஆருக்குத் தெரியும்? பேசாமல் விடும்," என்றார்.

பேசாமல் விடத்தான் பார்த்தார். ஆனால் வேலிக்கு அப்பால் பவளக்கொடியின் தலை தெரியும்போதெல்லாம் பியற்றிஸ் ஷெட்டுக்குள் புகுந்துகொண்டார். மூன்று தடவை முன்கதவு வரை போய், மணி அடிக்காமல் திரும்பினார். அந்த வருடம் காலுறை மாட்டும் வேலை அதனால் பிந்திப்போய், ஆடி பிறக்கும் வரை இழுத்தது.

இரண்டாயிரத்து ஐந்து, ஜூலை ஏழாம் தேதி, வியாழக்கிழமை. பஸ்தியாம்பிள்ளை மேலே நித்திரை. ரீவி போடவில்லை. பியற்றிஸ் ஏணியில் நின்று, வாயில் நூலைக் கடித்துக்கொண்டு காய்களைக் கட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் சைரன் சத்தங்கள் வழமையைவிட அதிகம் என்று மட்டும் பட்டது.

"அக்கா!"

பவளக்கொடி வீட்டு உடையோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து மாதத்தில் முதல் வார்த்தை.

"உங்க போன்ல லைன் கிடைக்குதா? ரயில்ல குண்டு வெடிச்சிருக்குன்னு சொல்றாங்க. லிவர்பூல் ஸ்ட்ரீட்டாம். அவர் அந்த நேரத்துக்குத்தான் போய் இறங்குவார்."

பியற்றிஸ் ஏணியிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. பவளக்கொடியை வீட்டுக்குள் கூட்டிவந்தார். மணியத்தின் மொபைல் அடிக்கவே இல்லை. அலுவலக இலக்கம் எந்நேரமும் எங்கேஜ். மேலே நித்திரை கொள்பவரை எழுப்பவேண்டாம் என்று சத்தமில்லாமல் ரீவியைப் போட்டார்கள். அம்புலன்சுகள், மஞ்சள் சட்டைக்காரர்கள், முகத்தில் வெள்ளைத் துணி பிடித்திருந்த ஒரு பெண். சத்தமில்லாதது இன்னும் மோசமாக இருந்தது. பவளக்கொடி எழுந்தார், இருந்தார், மறுபடி எழுந்தார்.

"என்னால இதைப் பார்க்க முடியல," என்று பின்கதவால் வெளியே போனார்.

பியற்றிஸ் பின்னால் போனார். என்ன சொல்வதென்று தெரியாமல் காலுறைத் துண்டுகள் இருந்த வாளியை நீட்டினார். பவளக்கொடி ஒன்றை எடுத்து, தாழ்ந்த கொப்பில் ஒரு காய்க்கு மாட்டினார். முடிச்சு விழவில்லை. இரண்டாவதை எடுத்தார். இருவரும் பேசாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சின்மையை பியற்றிஸால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தார், வந்தது அதுதான்.

"பவளம், புழு உங்கட மரத்தால வரேல்ல. என்ர ஷெட்டிலதான் இருந்தது. வைகாசியிலயே கண்டிட்டன். உங்களுக்குச் சொல்லேல்ல."

பவளக்கொடி திரும்பினார். "என்னது?"

"புழு. அந்து. என்ர பெட்டியளுக்குள்ள..."

"என் வீட்டுக்காரர் உயிரோட இருக்காரான்னு தெரியல. நீங்க புழுவைப் பத்திப் பேசுறீங்களா?"

பவளக்கொடி கத்தியதை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. தொடங்கியவர் நிறுத்தவில்லை. நம்பிச் சாவி கொடுத்தது, திரும்பிவந்து வெறும் மரத்துக்கு முன்னால் நின்றது, கோயிலில் அச்சார் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது, அறுத்த கொப்பில்தான் வருடாவருடம் முதல் பூ வரும் என்பது, பத்து மாதமாக எல்லாவற்றையும் விழுங்கி வைத்திருந்தது. அழுதுகொண்டே சொன்னார். மேல் யன்னல் திறந்து பஸ்தியாம்பிள்ளையின் தலை தெரிந்தது. பியற்றிஸ் ஒரு அடிகூட நகரவில்லை. கையிரண்டையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஓம்," என்றார் கடைசியில். "நான் கேட்டிருக்க வேணும். கேக்கேல்ல."

பவளக்கொடி மூக்கைத் துடைத்தார். வாளிக்குள் பார்த்தார். "அந்தக் கறுப்பை எடுங்க. இது கிழிஞ்சிருக்கு."

பஸ்தியாம்பிள்ளை இடுப்பில் கட்டியிருந்த சரத்தோடு கீழே வந்து, போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, அதே இலக்கங்களைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். வெளியே இரண்டு பெண்களும் எட்டிய கொப்புகளை முடித்து, ஏணியை மாற்றிவைத்து, எட்டாத கொப்புகளையும் முடித்தார்கள். ஒருவர் பிடிக்க மற்றவர் ஏறினார். மத்தியானம் கழிந்து வேலிக்கு அப்பால், திறந்துகிடந்த சமையலறைக்குள் போன் அடித்தது. பவளக்கொடி ஓடினார். அவர் கேற்றைச் சுற்றிப் போவதற்குள் அடித்து ஓய்ந்துவிட்டது. பியற்றிஸ் நின்ற இடத்தில் மாதாவைக் கூப்பிட்டார். மறுபடி அடித்தது.

மணியம் ஸ்ராம்போர்ட் ஹில்லில் ஒரு தெருப் போனிலிருந்து பேசினார். அவர் வழக்கமான ரயிலைத் தவறவிட்டு, அடுத்ததில் போய், பாதியில் இறக்கப்பட்டு, ஆட்களோடு ஆட்களாக அலைந்து, இப்போது வடக்கே நடந்துகொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தார். டை கழுத்தில் அப்படியே இருந்தது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த ஆவணியில் கிள்ளானுக்குப் போனபோது பவளக்கொடி சாவியை எதிர்வீட்டுக்காரரிடம்தான் கொடுத்தார். பியற்றிஸ் அதை யன்னலால் கண்டார். நியாயம்தான் என்று நினைத்தார், ஆனாலும் நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. புரட்டாசியில் அவருடைய மரத்துக் காலுறைகளைக் கழற்றியபோது பெரும்பாலான பழங்கள் ஒரு வடுவும் இல்லாமல் இருந்தன. கூடை நிறைய நல்லவற்றைத் தெரிந்தெடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தார். பவளக்கொடி ஒன்றை வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இனிப்பா இருக்கே அக்கா. அச்சாருக்கு ஆகாது."

பெரிய மரம் அந்த வருடம் கொஞ்சம்தான் காய்த்தது. சுரண்டியதாலா, அதன் இயல்பே அப்படியா என்று யாருக்கும் தெரியாது. இருந்த காய்க்கு ஒரேயொரு போத்தல் அச்சார்தான் தேறியது. அதோடு சேர்க்கிற வெள்ளரியும் காரட்டும் விரல் நீளத்துக்கு அரிந்து, லண்டன் வெயிலை நம்பாமல் ஹீற்றருக்கு மேல் துணியில் பரப்பிக் காயவைக்க வேண்டும். அரிகிற வேலையை பியற்றிஸ் கேட்டு வாங்கினார். பவளக்கொடியின் சமையலறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல்முறை.

ஆடியிலேயே இரண்டு அடிமரங்களையும் சுற்றி வரிபோட்ட காட்போட் மட்டை கட்டியிருந்தார்கள். இந்தத் தடவை பியற்றிஸ் கேட்டுத்தான் கட்டினார். மரத்திலிருந்து இறங்கும் புழு அந்த வரிகளுக்குள் புகுந்து கூடு கட்டும். குளிர்காலத்தில் மட்டையைக் கழற்றிக் கொளுத்திவிடலாம். மாசி மாதம் ஒரு காலை, இரும்பு வாளியில் நெருப்பு மூட்டிவிட்டு இரண்டு மட்டைகளையும் பிரித்தார்கள். வரிக்கு வரி கூடுகள். ஒன்றைக் கீறியபோது உள்ளே வெளிர்சிவப்புப் புழு சுருண்டு, உயிரோடு கிடந்தது. பியற்றிஸின் மரத்து மட்டையில் கொஞ்சம். பெரிய மரத்து மட்டையில் நிறைய.

பியற்றிஸ் அதைப் பார்த்தார். கூடுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"உயிரோட எரிக்கணுமா?" என்றார் பவளக்கொடி.

"பின்ன என்ன செய்யிறது? கொஞ்ச நாளில பறந்திடும்."

பவளக்கொடி மட்டையை வாங்கி, தன் வளவில் குருவிகளுக்குத் தீனி வைக்கும் பலகையில் விரித்து வைத்தார். சற்று நேரத்தில் ஒரு நீலத்தலைச் சிட்டு வந்தது. இன்னொன்று வந்தது. வரிகளைக் கிழித்துக் கூடுகளை இழுத்து எடுத்தன.

"குருவி தின்னுறதும் கொலைதானே," என்றார் பியற்றிஸ்.

"அது குருவிக்குப் பசி. எரிச்சா யாருக்கு என்ன?"

இருவரும் குளிரில் நின்று பார்த்தார்கள். சிட்டுகள் மேல் வரிகளைத் துப்புரவாக்கின, அடி வரிகளுக்குப் போகவில்லை. உள்ளே பவளக்கொடியின் கேத்தில் விசிலடித்தது. அவர் தேத்தண்ணி போடப் போனார். கதவு சாத்தும்வரை பியற்றிஸ் காத்திருந்தார். பிறகு போய், குருவி தொடாத அடிப்பக்கத்தைக் கிழித்தெடுத்து, வாளி நெருப்புக்குள் போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.